வடிதுளை

ஒரே ஓனர், லேடி டாக்டர்,
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடியது
என்றான் ஐந்து ரோட்டுப் புரோக்கர்.
வெள்ளை ஆல்ட்டோ. சீட்டில் பாலித்தீன் உறைகூடக் கிழியவில்லை.
எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அது போதுமாயிருந்தது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரின் மகன் நான்.
வண்டிக்கு வயிறு உண்டென்று தோன்றவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது.
தினமும் இருபது கொண்டை ஊசி இறக்கம், இருபது ஏற்றம்,
ஏற்காட்டுச் செம்மண், மூடுபனி,
நிறுத்துமிடம் முழுக்க சில்வர் ஓக் சருகு.
அடிவாரத்தில் ஒருநாள் வாட்டர் சர்வீஸ்.
ராம்ப்பில் ஏற்றியவன் கீழிருந்து குரல் கொடுத்தான்:
"சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."
ஸ்கேன் எடுப்பவர்கள் அந்தக் குரலில்தான் கூப்பிடுவார்கள்.

மேலே வெள்ளை. கீழே
வெற்றிலை மென்ற வாய்.

"மேலாப்ல புடிச்சதுதான், இன்னும் ஓட்டை விழல."
பெயர் அர்த்தனாரி. கேட்டது எட்டாயிரம்.
நான் இரண்டு ஜோடி ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிறு. பூசை முடிந்து வந்த ஜெசிந்தா
புடவை மாற்றாமல் டார்ச் பிடித்தாள்.
ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டு வை என்று
மூன்று முறை சொன்னாள்.
மூன்று முறையும் வைத்திருந்தேன்.

மல்லாந்து படுத்தவனுக்கு வானம் ஒரு முழ உயரம்.
கம்பி பிரஷ்ஷுக்குச் சிவப்புத்தூள் கொட்டியது.
பாதி இடத்தில் துருவே இல்லை, கறுப்பு பெயிண்ட்.
சுரண்டினால் அப்பளமாய் எழும்பியது.
அடியில் துரு சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.
விற்பதற்கு முந்தின நாள்
எவனோ தேய்க்காமலே பூசியிருக்கிறான்.
திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
பாகம் பிரிக்கும் நாளுக்கு முந்தின இரவு
அப்பா வீட்டுச் சுவர் விரிசலுக்கு
நானும் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில்
பென்சில் நுழையும் அளவு துளைகள்,
தண்ணீர் வடிய கம்பெனிக்காரன் விட்டவை.
எதிலும் வழி இல்லை.
ஸ்குரூடிரைவர் விட்டுக் குடைந்தேன்.
முதலில் சில்வர் ஓக் சருகு. அது நம்முடையது.
பிறகு சாம்பல் நிற வண்டல்.
இந்த மலையில் அப்படி மண் இல்லை.
பிறகு ஒரு நத்தை ஓடு, அரிசி அளவு,
என் நெற்றியில் விழுந்தது.

ஜெசிந்தா அதை உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தாள்.
"லேடி டாக்டர்" என்றாள்.
நெடுநேரம் சிரித்தோம்.
நின்றபின் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
எந்த ஏரி, எந்தத் தெரு,
கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற எந்த இரவு?
இந்த ஸ்டீரிங்கை விட்டு இறங்கியவர்
எதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்?
நம்பர் பலகை சென்னையுடையது.
பேரம் பேசியபோதே பார்த்தேன். கேட்கவில்லை.
விலை குறைவாக இருந்தது.

எமரி தாள். தின்னர் நனைத்த பனியன் துணி.
காய்ந்தபின் கன்வெர்ட்டர், பால் வெள்ளை.
தேநீர் குடித்து வருவதற்குள் சிவப்பெல்லாம் கறுத்தது,
கடுக்காய்த் தண்ணீரில் ஆணி ஊறினாற்போல்.
பிரேக் பைப்புக்கும் சைலன்சருக்கும் பழைய தினசரி சுற்றி
பிரைமர் ஒன்று, ஓர் இரவு விட்டு கறுப்பு இரண்டு.
துளைகளில் பென்சில் துண்டு சொருகிவைத்துச்
சட்டத்துக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்சினேன்,
முடிந்ததும் ஒவ்வொன்றாய் உருவினேன்.
அடைபடக் கூடாது.
பக்கத்து வண்டிக்காரர்களிடமெல்லாம்
இதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் இப்போது
என்னைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள்.

காலையில் இறங்கும்போது மேற்கே கஞ்சமலை தெரியும்,
தன்னிடமிருந்து வெட்டிப்போன இரும்பெல்லாம்
சாயங்காலம் திரும்பிவிடும் என்பதுபோல்
சும்மா உட்கார்ந்திருக்கும்.
இன்னும் நான்கு தவணை பாக்கி, தர மாட்டேன்.

நத்தை ஓடு டாஷ்போர்டில் மாதாவின் காலடியில் இருக்கிறது.
"அடுத்த வருஷம் இதை விற்றால்
வாங்குகிறவனிடம் என்ன சொல்வாய்?"
பதினான்காம் வளைவில் கேட்டாள் ஜெசிந்தா.

மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை
அடியைக் கழுவச் சொல்வேன் என்றேன்.

அதைக் கேட்கவில்லை என்றாள்.